முதல் மூன்று லட்சம் உங்களுடையது

வேலையில் இருந்தவரை மனிதர்களைப் பதவியை வைத்து எடைபோட்டோம். ஓய்வு பெற்ற பிறகு அட்டையை வைத்து எடைபோடுகிறோம். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்து டீக்கடையில், காலை நடை முடிந்து உட்காரும் எங்கள் கோஷ்டியில், யாரிடம் எந்த மருத்துவ அட்டை இருக்கிறது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். டீக்கடைக்காரருக்கும்தான். பெஞ்சில் உட்கார இடம் விடுவதுகூட அந்த வரிசைப்படிதான் நடக்கிறது.

முதல் மரியாதை ரயில்வேக்காரருக்கு. ஓய்வு பெறும்போது ஒரே ஒரு தடவை பணம் கட்டினார். ஆயுசுக்கும் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி அவருக்குச் சொந்தம். இதய அறுவை சிகிச்சைக்குப் பேர்போன இடம் என்பதால், இதயநோய் வந்தால் அதற்கு உரிய மரியாதை கிடைக்கும் என்ற தெம்பில் தினமும் இரண்டு வடை சாப்பிடுகிறார்.

அடுத்தவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்காரர். மத்திய அரசின் சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் பத்து வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டு வாழ்நாள் அட்டை வாங்கியவர். மூன்றாமவர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். 2022 ஜூலையில் தொடங்கிய ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்துக்காக மாதம் 497 ரூபாய் அவர் பென்ஷனில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆரோக்கியமாக இருக்கிற ஒவ்வொரு மாதமும் 497 ரூபாய் நஷ்டம் என்பது அவர் கணக்கு.

நான்காமவர் பாங்க்காரர். இந்திய வங்கிகள் சங்கம் 2015-ல் ஓய்வு பெற்றவர்களுக்கும் குழுக் காப்பீடு கொண்டுவந்ததிலிருந்து, ஐப்பசி மழையோடு அவருக்குப் பிரீமியச் சுற்றறிக்கையும் வந்துவிடுகிறது. அடிப்படை பாலிசி மட்டும் போதுமா, மேலே சூப்பர் டாப்-அப்பும் வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள். ஊரே பட்டாசு வாங்கும்போது அவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பார்.

ஐந்தாமவர்தான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமானவர். காக்களூர் தொழிற்பேட்டையில் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த மிஷின் ஆபரேட்டர். கடைசிவரை தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருந்தார். ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ. கட்டி, அதே நிலையில் வயது முடிந்து ஓய்வு பெற்றவருக்கு, அவருக்கும் மனைவிக்கும் சேர்த்து மருத்துவம் தொடரும். கட்டணம் 120 ரூபாய். மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு! அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “நீங்க ஆபீசர் சார், உங்களுக்கென்ன” என்பார்.

ஆபீசர் ஆனதுதான் வினை. ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே போய், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு உண்டு. 2017 ஜனவரியிலிருந்து அது 21,000 ரூபாய். என் சம்பளம் அதைத் தாண்டிய வருஷம் வீட்டில் கேசரி செய்தார்கள். இ.எஸ்.ஐ.யிலிருந்து என்னை வழியனுப்பிய கேசரி அது என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. முப்பத்தெட்டாயிரம் சம்பளத்தில் ஓய்வு பெற்றேன். தனியார் கம்பெனி ஆசாமிக்கு வருவது இ.பி.எஸ். பென்ஷன். அதில் குறைந்தபட்சம் மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். நான் அதைப்போல நாலைந்து மடங்கு பணக்காரன்.

பணக்காரனுக்கு அரசாங்கம் உதவாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை சிகிச்சை உண்டு. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் பெயர் மாறி, ஆட்சிகள் மாறியும் ஓடுகிற நல்ல திட்டம். ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பென்ஷனையும் பாங்க் வட்டியையும் கூட்டினால் நான் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறேன். மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று இன்னொரு திட்டத்தைத் தொடங்கியது. எழுபது வயது ஆனவர்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத்தில் ஐந்து லட்சம். எனக்கு அறுபத்தொன்று. ஆக, நோய்கள் எழுபது வரை வாசலில் நிற்க வேண்டும். அதன் பிறகு வரிசையாக உள்ளே வரலாம்.

எங்கள் வட்டாரத்துக்கு இந்தக் கவலை இருந்திருக்கவே கூடாது. திருவள்ளூரில் பள்ளிகொண்டிருப்பவர் வைத்திய வீரராகவப் பெருமாள். நோய் தீர அமாவாசையன்று குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். பிரீமியம் ஓர் உருண்டை வெல்லம். காத்திருப்புக் காலம் கிடையாது, முன்பே இருந்த நோய் உண்டா என்ற கேள்வி கிடையாது. எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் புட்லூர். அங்கே நிறைமாதக் கர்ப்பிணியாகப் படுத்திருக்கும் அம்மன், பிள்ளை வரம் தருகிறவள். ஆக, பொது மருத்துவம் திருவள்ளூர், மகப்பேறு புட்லூர் என்று புறநகர் ரயில் பாதையிலேயே துறைகளைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். என் அம்மா இந்த இரண்டு துறைகளை நம்பியே எண்பது வயது வரை இருந்தாள். அவள் காலத்தில் மூட்டு வலி என்பது வலி. இன்றைக்கு அது நான்கு லட்சம் ரூபாய்.

இந்த நிலையில்தான் பையன் பேசினான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அவன் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெற்றோருக்கு மூன்று லட்சம் உண்டு. “அது பத்தாதுப்பா. மேல ஒரு சூப்பர் டாப்-அப் போட்டுடுங்க” என்றான்.

டாப்-அப் என்றால் எங்கள் தலைமுறைக்குச் செல்போனுக்குப் போடுவது. போட்டால் உடனே பேசலாம். இது அந்த ரகம் இல்லை. இதில் ‘டிடக்டிபிள்’ என்று ஒரு தொகை உண்டு. மூன்று லட்சம் என்று வைத்தால், முதல் மூன்று லட்சம் செலவு வரை கம்பெனி எட்டிப் பார்க்காது. அதை நாம் கையிலிருந்து கட்டலாம், வேறு பாலிசியிலிருந்து கட்டலாம், கடன் வாங்கியும் கட்டலாம். அது நம் சமாச்சாரம். அதற்கு மேல் போனால் அவர்கள் சமாச்சாரம்.

சாதா டாப்-அப்புக்கும் சூப்பர் டாப்-அப்புக்கும் என்ன வித்தியாசம் என்று பாங்க்காரரிடம் கேட்டேன். எத்தனையோ ஐப்பசிகளில் அடிபட்ட மனிதர். பூண்டி ஏரியை வைத்து விளக்கினார். முப்பத்தைந்து அடி நிரம்பினால்தான் மதகு திறப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதா டாப்-அப்காரன் ஒவ்வொரு மழையையும் தனித்தனியாக அளப்பான். ஒரே மழையில் ஏரி நிரம்ப வேண்டும். சூப்பர் டாப்-அப்காரன் வருஷம் முழுக்கப் பெய்த மழையைச் சேர்த்து அளப்பான். கணக்காகச் சொன்னால், ஒரே வருஷத்தில் ஆடியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து, தலா இரண்டரை லட்சம் செலவு என்றால், மூன்று லட்சம் டிடக்டிபிள் உள்ள சாதா டாப்-அப்பில் பைசா வராது. இரண்டு நோயுமே தகுதித் தேர்வில் தோற்றுவிட்டன. சூப்பரில் மொத்தம் ஐந்து லட்சம். மூன்று போக இரண்டு லட்சம் வரும். சாதா டாப்-அப் எடுத்தவன் நோயைத் தவணை முறையில் வாங்கக் கூடாது. மொத்த வியாபாரமாக ஒரே தடவையில் வாங்க வேண்டும்.

விலையையும் விசாரித்தேன். எங்கள் இருவருக்கும் முழு பாலிசி என்றால் வருஷத்துக்கு ஐம்பதாயிரத்தைத் தொட்டது. மூன்று லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் தரும் சூப்பர் டாப்-அப் அதில் பாதிகூட இல்லை. டிடக்டிபிளை ஐந்து லட்சம் ஆக்கினால் இன்னும் குறையும். இங்கேதான் வீட்டுக்குள் பிரச்சினை ஆரம்பித்தது. நம்மால் எத்தனை லட்சம் வரைக்கும் சொந்தச் செலவில் நோயாளியாக இருக்க முடியும் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்களை யாரும் கேட்டதில்லை. பெண் பார்க்கும்போது சம்பளம் கேட்டார்கள், சொந்த வீடா என்று கேட்டார்கள். இதைக் கேட்கவில்லை.

“அஞ்சு லட்சம்னு போடலாம். பிரீமியம் கம்மி” என்றேன்.

“அஞ்சு லட்சம் எங்கேருந்து வரும்?”

“புரட்டிக்கலாம்.”

“யாரு? நான் ஐ.சி.யூ.வுல படுத்திருக்கும்போது நீங்க புரட்டுவீங்களா? தோசையையே உங்களால புரட்ட முடியல.”

மூன்று லட்சம் என்று முடிவானது.

பாலிசி எடுக்க வீட்டுக்கு வந்த தம்பி நல்ல பையன். வந்ததும் வராததுமாக எங்களை அங்கிள், ஆன்ட்டி ஆக்கிவிட்டான். மகப்பேறுச் செலவும் சேர்ந்த பாலிசி ஒன்று இருப்பதாகப் படம் காட்டினான். என் மனைவி அவனை மேலும் கீழும் பார்த்து, “அதுக்கெல்லாம் எங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன்லயே ஆள் இருக்காங்க தம்பி” என்றாள். அவனுக்குப் புரியவில்லை. வெளியூர்ப் பையன்.

விண்ணப்பப் படிவத்தைத் திறந்தான். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ஆபரேஷன் ஏதாவது, தினமும் என்ன மாத்திரை? தாம்பத்தியத்தில் வேறு எந்தக் காகிதமும் இப்படி ஒருவருக்கெதிரே ஒருவரை உட்காரவைத்து உண்மை பேச வைத்ததில்லை. எனக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு என்று நானே சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒன்றும் கிடையாது என்றும் நானே சொன்னேன்.

“எனக்கும் சர்க்கரை பார்டர்ல இருக்கு” என்றாள்.

“எப்போலேருந்து?”

“ரோட்டரி கேம்ப்ல பார்த்தாங்க. சொன்னா உங்க காபி மாதிரி என் காபியிலயும் சக்கரையை நிறுத்திடுவீங்கன்னு சொல்லல.”

அந்தத் தம்பி குரலைத் தாழ்த்தினான். “பார்டர்தானே ஆன்ட்டி, போட வேண்டாம். போட்டா பிரீமியம் ஏறும், ரிஜெக்ட்கூட ஆகலாம். நான் சொல்லல, ஆனா எல்லாரும் அப்படித்தான்...”

இந்த இடத்தில்தான் நிறைய வீடுகளில் சறுக்குகிறார்கள். இன்றைக்கு மறைத்தால் பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம். நாளைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘பல வருஷமாகச் சர்க்கரை’ என்று ஒரு வரி எழுதினால் கோரிக்கை அம்போ. தொடர்ந்து ஐந்து வருஷம் பாலிசியைப் புதுப்பித்துவிட்டால், அதன் பிறகு நீ அன்றைக்குச் சொல்லவில்லையே என்று கம்பெனி கிளற முடியாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. முன்பு இது எட்டு வருஷம், 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அதுவும் செல்லாது. என் மனைவிக்கு இந்த விதி எதுவும் தெரியாது. அவள், “எல்லாத்தையும் எழுதுப்பா. ராத்திரி இவர் குறட்டை விடுவார், அதையும் எழுதிக்கோ” என்றாள்.

“குறட்டைக்குக் கட்டம் இல்ல ஆன்ட்டி.”

“இவ்ளோ பெரிய கம்பெனி, குறட்டைக்கு ஒரு கட்டம் போடக் கூடாதா?”

பிறகு காத்திருப்புக் காலத்துக்கு வந்தோம். முதல் முப்பது நாள், விபத்து தவிர எதற்கும் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷம். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம். 2024 ஏப்ரலுக்கு முன் நான்கு வருஷமாக இருந்தது. மூட்டு மாற்று சிகிச்சையும் பல பாலிசிகளில் மூன்று வருஷப் பட்டியலில்தான் இருக்கிறது. மனைவி தன் வலது முட்டியைத் தடவிக்கொண்டாள். மாடிப்படி ஏறும்போது அது எழுப்பும் சத்தம் எனக்குக் கீழே ஹாலில் கேட்கும்.

பையனிடம் கேட்டோம். அவன் கம்பெனியின் குழு பாலிசியில் காத்திருப்பு கிடையாதாம், முதல் நாளிலிருந்தே எல்லா நோயும் சேருமாம். பெரிய கம்பெனிகளின் குழுக் காப்பீட்டில் இப்படி இருப்பது வழக்கம்தான். சிக்கல் வேறு இடத்தில். அவன் வேலையை விட்டால் எங்கள் மூன்று லட்சமும் அவனோடு வேலையை விட்டுவிடும். அந்த வயசுப் பையன்கள் சட்டையை மாற்றுகிற மாதிரி கம்பெனியை மாற்றுகிறார்கள். எனவே இவன் வேலை மாறுவதற்குள் இவள் முட்டியை மாற்ற வேண்டும். எங்கள் குடும்பத்தின் ஐந்தாண்டுத் திட்டம் இப்போது இந்த ஒரே வரிதான். குழு பாலிசியிலிருந்து வெளியே வரும்போது அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற வழி இருக்கிறது, இருந்த காலமும் கணக்கில் வரும் என்றார் பாங்க்காரர். ஆனால் ராஜினாமாக் கடிதம் கொடுக்கிற உற்சாகத்தில் எந்தப் பையன் அப்பாவின் காப்பீட்டை நினைக்கிறான்?

அடுத்தது அறை வாடகை. கேட்கச் சாதுவாக இருக்கும் விஷயம். சில பாலிசிகளில் நாள் வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்று இருக்கும். மூன்று லட்சத்துக்கு மூவாயிரம். நாம் ஆறாயிரம் ரூபாய் அறையில் படுத்தால் மிச்ச மூவாயிரத்தை மட்டும் கட்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. பாதி வாடகைக்குத்தான் தகுதி என்றால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு எல்லாமே பாதியாக வெட்டப்படும். ஒரு லட்சம் ஆனால் ஐம்பதாயிரம்தான். மருந்து, உள்ளே பொருத்துகிற சாமான், பரிசோதனைக் கட்டணம் இவற்றில் இந்த வெட்டு கூடாது. ஏன் இந்த அநியாயம் என்றால், ஆஸ்பத்திரிகளில் அறைக்குத் தகுந்தபடி ஆபரேஷனுக்கும் விலை வைக்கிறார்கள். அதே டாக்டர், அதே கத்தி, அதே பித்தப்பை. ஆனால் தனி அறைக்காரரின் பித்தப்பைக்கு மதிப்பு கூடுதல். கட்டில் பக்கத்தில் சோபா இருந்தால் கல்லுக்கும் அந்தஸ்து வந்துவிடுகிறது. அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லாத பாலிசிதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது இதனால்தான்.

நல்லதும் நடந்திருக்கிறது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கிக்கொண்டிருந்தார்கள். நோய்க்குப் பயந்து ஒருவன் ஐம்பதாயிரம் கட்டினால், அந்தப் பயத்துக்கு வரி ஒன்பதாயிரம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி அடியோடு போய்விட்டது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கேட்காமல் வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அதே வருஷம் ஜனவரியில் உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய பிறகு, காப்பீட்டுக் கம்பெனி மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. காலையில் டிஸ்சார்ஜ் ஆகி, புதுச் சட்டை போட்டு, தலைவாரி, மாலை வரை கட்டிலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தவர்கள் அதன் அருமையை அறிவார்கள். முறையிட்டும் கம்பெனி கேட்கவில்லை என்றால், காசு செலவில்லாமல் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதையெல்லாம் டீக்கடையில் விளக்கியபோது மிஷின் ஆபரேட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நூத்தி இருபது ரூவாவுல இவ்ளோ படிக்கிற வேலை இல்ல சார்” என்றார்.

கடைசியில் மூன்று லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் என்று சூப்பர் டாப்-அப் எடுத்தோம். பையன் திடீரென்று வேலை மாறினால் கீழே இருக்கிற மூன்று லட்சத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, பாங்கில் மூன்று லட்சத்துக்கு டெபாசிட் போட்டோம். ரசீது மனைவியின் பீரோவில் இருக்கிறது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று நான் ஒரு தடவை அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியபோது, “அது என் முட்டி” என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

போன வாரம் பையனுக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா வேப்பம்பட்டுக்காரர், அவரும் தனியார் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், அதாவது எங்கள் ஜாதி. காபி குடித்து, ஜாதகத்தை மாற்றிக்கொண்ட பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “தப்பா நினைக்காதீங்க. மாப்பிள்ளை கம்பெனியில மாமனார், மாமியாரையும் சேர்க்கலாமா?”

பெற்றவர்களா, மாமனார் மாமியாரா, ஏதாவது ஒரு ஜோடியைத்தான் சேர்க்க முடியும் என்று பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். கூடத்தில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு ஜோடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் மனைவிதான் முதலில் சுதாரித்தாள்.

“பொண்ணு கம்பெனியில எவ்ளோ?”

“அஞ்சு லட்சம் சம்மந்தி. வெயிட்டிங் பீரியடே கிடையாது.”

அவர் எப்போது சம்பந்தி ஆனார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “இன்னும் ரெண்டு பஜ்ஜி எடுத்துக்கோங்க. ஜாதகம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல, பரிகாரம் பண்ணிக்கலாம்.”